இரண்டு பிறந்த நாள்களும் ஒரு சோடிச் சப்பாத்தும்

மெக்சிக்கோவுக்குப் படிப்புச் சுற்றுலா போக விருப்பமானவர்கள் கையை உயர்த்துங்கள் என்று ஸ்பானிய மொழி ஆசிரியை கேட்டபோது, வகுப்பில் முதலில் உயர்ந்தது என் கைதான். கொஞ்சம் யோசித்துவிட்டு உயர்த்தியிருக்க வேண்டும். எனக்கு எப்போதும் கை முந்தும், வாய் அதற்கும் முந்தும், புத்தி மட்டும் ஆறுதலாகப் பின்னால் நடந்து வரும்.

2012ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் அது. நாங்கள் பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு நகைக்கடைக்கு மேலே நாலாம் மாடியில் இருந்தோம். ஒரே அறை, மூன்று பேர், லிஃப்ட் கிடையாது. அப்பாவுக்கு ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் வேலை. அம்மா காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போவார். நான் லிசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், முதல் வருடம். 2009இல் நானும் அம்மாவும் பாரிசுக்கு வந்து இறங்கியதிலிருந்து நான் பார்த்த ஒரே வெளியூர் திரான்சிதான். அங்கே மாமி வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் திரும்பி வருவோம். எங்கள் உல்லாசப் பயணம் அவ்வளவுதான்.

மெக்சிக்கோப் பயணம் அடுத்த சித்திரை விடுமுறையில், பத்து நாள். மாயர்களின் பழைய நகரங்கள்: சிச்சென் இட்சா, உஷ்மால், பலென்கே. ஆசிரியை படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். காட்டுக்கு நடுவே வெள்ளைக் கல்லில் செங்குத்தான படிகள். மற்றப் பிள்ளைகள் படியைப் பார்த்தார்கள். நான் சுற்றிவர இருந்த வெளியைப் பார்த்தேன். எங்கள் அறையில் ஒருவர் கையை நீட்டினால் மற்றவர் விலக வேண்டும்.

வீட்டில் சண்டை பிடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து, வாதங்களை எல்லாம் ஒழுங்குபடுத்திக்கொண்டு படியேறினேன். ஒன்றும் தேவைப்படவில்லை. மத்தியான வேலைக்கும் பின்னேர வேலைக்கும் இடையில் அப்பா வீட்டுக்கு வந்து கால் நீட்டியிருக்கும் நேரம். படிவத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, திருப்பிப் பிடித்து, "எங்கை கையெழுத்து வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

அம்மாதான், "இஞ்சருங்கோ, பொம்பிளைப் பிள்ளை, அவ்வளவு தூரம்..." என்று இழுத்தார்.

"நீ சும்மா இரு. நான் இந்தப் பாரிசிலை ஒம்பது வரியமாப் பார்த்தது கோப்பையும், கோப்பைக்குப் பின்னாலை சுவரும்தான். அவளாவது போய்ப் பார்த்துக்கொண்டு வரட்டும்."

அன்றைக்கே பெர்தொனே முழுவதும் செய்தி போய்விட்டது. அந்த வருடக் கடைசியில் மாயர்களின் நாட்காட்டி முடிகிறது, உலகமும் அதோடு முடியப்போகிறது என்று எங்கு பார்த்தாலும் ஒரே கதை. கீழே சலூன் வைத்திருந்தவர் அப்பாவைக் கண்டால் விடமாட்டார். "அண்ணை, உலகம் மார்கழியிலை முடியுதாம். உங்கடை மோள் சித்திரையிலை எங்கை போறா?"

அப்பா சளைக்கவில்லை. "முடிஞ்சால் முடியட்டும். நாங்கள் பேர் குடுத்திட்டம்."

ஆயத்தங்கள் தொடங்கின. பயணத்துக்கு நிதி சேர்க்கப் பள்ளியில் விற்பனை வைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் கேக் கொண்டுவந்தார்கள், அம்மா நூறு ரோல்ஸ் பொரித்துத் தந்தார். முதலாவதைக் கடித்த கணித ஆசிரியர் தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினார். ஆனாலும் நூறும் முடிந்தது. நுளம்புக்குப் பூசும் மருந்து, தொப்பி, தடுப்பூசி என்று ஒரு பட்டியல் தந்தார்கள். பட்டியலில் நல்ல நடைச் சப்பாத்து என்றும் இருந்தது. அப்பா ஒரு திங்கட்கிழமை, தன் லீவு நாளில், என்னை விளையாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் மண்ணிறத்தில் ஒரு சோடி எடுத்தார். கணுக்கால்வரை நாடா கட்டும் சப்பாத்து. கடைக்காரப் பெடியனிடம் தனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லையும் செலவழித்து, அடி வழுக்காதா என்று மூன்று முறை கேட்டார்.

சப்பாத்தைப் போட்டுப் பழக்க வேண்டும், படி ஏறிப் பழக வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். படிக்கு எங்களிடம் என்ன பஞ்சம்? ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டு வந்து, நாலு மாடியும் மூன்று முறை ஏறி இறங்கினேன். இரண்டாம் மாடிக் கிழவர் கதவைத் திறந்து, "மத்மசெல், வீட்டைத் தொலைத்துவிட்டாயா?" என்று கேட்டார். மெக்சிக்கோவுக்குப் போகிறேன் என்றேன். எனக்கு அப்போது அவ்வளவு திமிர்.

இனி என் இரண்டு பிறந்த நாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா பிரான்சுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டபோது, அதைப் பிரெஞ்சில் எழுதிக்கொடுத்தவர் பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்டிருக்கிறார். அப்பா தமிழ் மாதத்தையும் நட்சத்திரத்தையும் டக்கென்று சொன்னாராம். நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரன் என்ன செய்வான்? இங்கிலிஷ் தேதி அப்பாவுக்கு வரவில்லை. வருடத்தையும் இரண்டு கூட்டிச் சொல்லிவிட்டார். எழுதுபவருக்கு அவசரம், ஜனவரி முதலாம் தேதியைப் பிடித்தார். "தை ஒண்டு எண்டு போடுவம் அண்ணை, பிறகு மாத்தலாம்."

பிறகு மாற்றலாம்! அந்த மனுசன் இன்றைக்கும் இந்தப் பக்கம்தான் எங்கேயோ நடந்து திரிகிறார். கண்டால் இரண்டு கேள்வி கேட்கலாம் என்று இருக்கிறேன். அகதி என்று ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு தேதியை மாற்றுவது என்றால், முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். ஒன்று பொய் என்றால் மற்றதும் பொய்யா என்று கேட்பார்கள். ஆகவே அம்மாவையும் என்னையும் கூப்பிடும்போது, அந்தத் தேதிக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பிறப்புச் சான்றிதழ் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

விமானத்தில் அம்மா எனக்குப் பாடம் எடுத்தார். "உன்ரை பிறந்த நாள் என்ன?" தை ஒன்று. "நித்திரையிலை எழுப்பிக் கேட்டால்?" தை ஒன்று. அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் இளையவளாகப் பாரிசில் இறங்கினேன். 2012இல் எனக்குப் பதினேழு வயது, என் காகிதத்துக்குப் பதினைந்து. சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு குந்தியிருந்து, அவர்கள் இன்றைக்குக் கண்டுபிடித்ததை எல்லாம் நானும் இன்றைக்குத்தான் கண்டுபிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். சரியான எரிச்சல். வீட்டில் மட்டும் என் உண்மையான நாள் உயிரோடு இருந்தது. என் நட்சத்திரம் வருகிற நாளில் அம்மா பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்வார். தை முதலாம் தேதியை யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை.

கார்த்திகையில் ஆசிரியை எங்களுக்கு ஆளுக்கொரு கட்டுரை வாசிக்கத் தந்தார். எனக்கு மாயர்களின் நாட்காட்டி. அவர்களிடம் இருநூற்றறுபது நாள் கொண்ட ஓர் எண்ணிக்கை இருந்திருக்கிறது. நாளுக்கு இருபது பெயர்கள், பதின்மூன்று இலக்கங்கள், இரண்டும் சேர்ந்து சுற்றும். பிள்ளை பிறந்த நாளின் பெயரைப் பார்த்து அதன் குணத்தைச் சொல்வார்களாம். வாசிக்க வாசிக்க எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். இது எங்களுடைய நட்சத்திரம் பார்ப்பதுதானே! பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க ஒரு வாரம் வேண்டும், எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்தப் பள்ளியில் எனக்கு முதலே தெரிந்திருந்த முதல் பாடம் அது.

அம்மாவின் பெட்டிக்கு அடியில் சேலை மடிப்புக்குள் என் சாதகக் குறிப்பு இருந்தது. மூலைகளில் மஞ்சள் தடவிய ஒற்றைத் தாள். எடுத்துக்கொண்டு போனேன். கேட்காமல்தான். வகுப்பில் நின்று, எங்களிடமும் நாளுக்குப் பெயர் உண்டு, பிள்ளை பிறந்தவுடன் இப்படி எழுதி வைப்போம், இதோ என்னுடையது, இந்தக் கட்டம் இது, இந்த வரி இது என்று வரி வரியாகப் பிரெஞ்சில் சொன்னேன். தேதியையும் சொன்னேன். மாயர் கணக்கில் அந்த நாளுக்கு என்ன பெயர் வரும் என்று பலகையில் கணக்குப் போட்டும் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஆசிரியை குறிப்பைப் பெரிதாகப் பிரதி எடுத்து, கீழே என் மொழிபெயர்ப்பையும் வைத்து, என் படத்தோடு சுவரில் ஒட்டினார். பிறகு மற்றப் பிள்ளைகளும் தங்கள் பிறந்த தேதிக்கு மாயர் பெயரைக் கணக்குப் போட்டு அதன் பக்கத்தில் ஒட்டினார்கள்.

படிவத்தில் பிறந்த தேதி என்று கேட்டிருந்தால் என் கை தானாகவே தை ஒன்று என்று எழுதியிருக்கும். அந்தப் பழக்கம் எலும்பில் ஊறியிருந்தது. ஆனால் அன்றைக்கு யாரும் தேதி கேட்கவில்லை. நாள் என்ன, நட்சத்திரம் என்ன என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி கோயிலில் ஐயர் கேட்கும் கேள்வி. அதற்கு என் வாயில் வந்தது வீட்டுப் பதில்.

இரண்டு கிழமை கழித்து ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டார். விமானச் சீட்டுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரித்தபோது எல்லோருடைய தேதியையும் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தே எழுதியிருக்கிறார். அலுவலகத்தில் சரிபார்த்தபோது என்னுடையது மட்டும் பள்ளிப் பதிவோடு பொருந்தவில்லையாம்.

"எது சரி?" என்று கேட்டார்.

"பள்ளியில் இருப்பதுதான் சரி. குறிப்பில் பிழை," என்றேன். காது சுட்டது.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "நீதானே சொன்னாய், பிறந்த உடனே எழுதுவார்கள், நிமிடம்கூடப் பிழைக்காது என்று."

என் வாயால் நானே கெட்டேன். அவிழாத சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தேன். அதிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் அவர் விளங்கிக்கொண்டது வேறு. அரச அலுவலர்கள் அகதிகளின் காகிதத்தில் கவலையில்லாமல் எதையோ கிறுக்கிவிடுகிறார்கள், ஒரு பிள்ளையின் பிறந்த நாளையே களவெடுத்துவிட்டார்கள் என்று அவருக்குச் சரியான கோபம். எனக்காகக் கோபப்பட்ட முதல் பிரெஞ்சுக்காரி அவர். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இல்லாத எனக்கு விசா வேண்டும், அதற்கு எப்படியும் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு முன்னமே இதைத் திருத்திவிடலாம் என்றார். தனக்கு ஒரு வழக்கறிஞரைத் தெரியும் என்றார். வேண்டாம் மதாம், விடுங்கள் மதாம் என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. நான் பயப்படுகிறேன் என்று அவர் இன்னும் உற்சாகமானார். அடுத்த நாளே, அகதிகளுக்கான அலுவலகத்துக்கு என்று ஒரு கடிதம் எழுதி, குறிப்பின் பிரதியையும் இணைத்து, "அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா, திங்கட்கிழமை அனுப்புவோம்" என்று உறையோடு தந்தார்.

அந்த நேரம் அப்பாவின் குடியுரிமை விண்ணப்பம் உள்ளே இருந்தது. நேர்முகத்துக்கு நாளும் வந்துவிட்டது. எங்கள் மூன்று பேருடைய மிச்ச வாழ்க்கையும் அந்த ஒரு கோப்புக்குள் கிடந்தது. அந்தக் கடிதம் போனால், பிழை அலுவலர்கள்மேல் இல்லை, நாங்கள் கொடுத்த சான்றிதழிலேயே தை ஒன்று என்பது வெளியே வந்துவிடும். கோப்பில் பொய் என்று ஒரு சொல் விழுந்தால் முடிந்தது.

கடிதத்தை வாசித்து மொழிபெயர்த்ததும் அம்மா என்னை அடிக்க வந்தார். "கோதாரி! ஆரைக் கேட்டு அந்தக் குறிப்பை எடுத்தனி? விசரி, விசரி!" கையை ஓங்கினார், பிறகு கட்டிலில் இருந்து அழுதார். நானும் கத்தினேன். நான் பிறந்த நாளை நான் சொல்லக் கூடாதா, அதுவும் களவா என்று கத்தினேன். கீழே நகைக்கடைவரைக்கும் கேட்டிருக்கும்.

அப்பா மட்டும் கத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "பிழை என்ரை. ஒரு பிள்ளை. ஒரு தேதி. அதைச் சரியாச் சொல்லத் தெரியேல்லை எனக்கு," என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ போகேல்லை எண்டால் விசா இல்லை. விசா இல்லையெண்டால் சேட்டிபிக்கற் கேக்க மாட்டினம். அந்த மனுசியும் கடிதத்தை விட்டிடும்."

"ஏன் போகேல்லை எண்டு கேப்பா, அப்பா. சும்மா விடமாட்டா. காசில்லை எண்டால் காசு சேர்த்துத் தருவா. வருத்தம் எண்டால் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போவா."

அப்பா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "அப்பன் விடமாட்டானாம் எண்டு சொல்லு. பொம்பிளைப் பிள்ளையைத் தனிய விடமாட்டானாம் எண்டு. அதை உடனை நம்புவினம்."

நான் மாட்டேன் என்றேன். சாப்பிடாமல் கிடந்தேன். சப்பாத்தைத் தூக்கிக் கதவுக்கு எறிந்தேன். எல்லாம் செய்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அறையின் நாலு சுவர்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "திங்கட்கிழமை உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா," என்றார்.

அப்பா தாடி வழித்து, தன்னிடம் இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். சின்னக் கதிரையில், கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தார். கையில் எண்ணெய் சுட்ட தழும்புகள் இருந்தன, அதற்காக. ஆசிரியைக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்த்தது நான்.

ஆசிரியை நன்றாகப் பேசினார். உங்கள் மகள் இந்த வகுப்பிலேயே கெட்டிக்காரி என்றார். அந்தக் கட்டுரையை அவள் வாசித்த விதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்றார். நான் மொழிபெயர்த்தபோது அப்பாவின் முகம் மலரப் பார்த்தது, அடக்கிக்கொண்டார். பையன் என்றால் அனுப்பியிருப்பீர்கள் அல்லவா என்று ஆசிரியை கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன்.

"சொல்லு," என்றார் அப்பா. "எங்கடை ஆக்கள் பொம்பிளைப் பிள்ளையளை இப்பிடி வெளியிலை விடுறேல்லை எண்டு. படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறாள் எண்டும் சொல்லு."

"அப்பா, அதைச் சொல்லேலாது. எனக்கு வராது."

"சொல்லு பிள்ளை. பார்த்துக்கொண்டிருக்கிறா."

சொன்னேன். ஒரு சொல் விடாமல், நல்ல பிரெஞ்சில் சொன்னேன். ஆசிரியை அப்பாவைப் பார்த்த பார்வையை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியாது. செவிடருக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக, "இது பிரான்ஸ், ஐயா," என்றார். அப்பா தலையைக் குனிந்து, "உய், மதாம்," என்றார். பிறகு ஆசிரியை என் பக்கம் திரும்பி, உனக்குக் கல்யாணம் பேசுகிறார்களா, பயப்படாமல் சொல் என்று கேட்டார். அப்பாவுக்கு அந்தச் சொல் மட்டும் விளங்கிவிட்டது. மேசைக்குக் கீழிருந்த இரண்டு கையையும் தூக்கி, "நோ, நோ!" என்று பதறினார். அந்த ஓர் இடத்தில்தான் அப்பா உண்மையைச் சொன்னார், அதை ஆசிரியை நம்பினாரோ தெரியாது.

கடைசியில் ஆசிரியை சுவரிலிருந்து குறிப்பின் பிரதியைக் கழற்றி மடித்து என்னிடம் தந்தார். கையெழுத்துப் படாமல் நாங்கள் திருப்பிக் கொண்டுவந்திருந்த கடிதத்தை எடுத்து ஒரு தரம் பார்த்தார். பிறகு இரண்டாகக் கிழித்துக் கூடைக்குள் போட்டார். அவருடைய கோபத்துக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது. கிழிந்த சத்தம் கேட்டதும் அப்பா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பினார்.

உலகம் மார்கழியில் முடியவில்லை. சித்திரையில் வகுப்பு மெக்சிக்கோவுக்குப் போய் வந்தது. அடுத்த வருடம் எங்களுக்குக் குடியுரிமை கிடைத்தது, எனக்குத் தை முதலாம் தேதியோடு. அந்தச் சப்பாத்தை அம்மா இரண்டு சோடிக் காலுறை போட்டுத் துப்புரவு வேலைக்குப் போட்டுக்கொண்டு போனார், அடி பிய்ந்துபோகும்வரை. சில வருடங்கள் கழித்து ஆசிரியையை ரூ லூயி-பிளாங்கில் கண்டோம். அப்பா, "போன்ஜூர், மதாம்," என்றார். அவர் எனக்கு மட்டும் கை தந்தார். அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாய் உன்னியது. எப்போதும் முந்துகிற வாய் அன்றைக்கு முந்தவில்லை. பொய்த் தேதியில் தந்த குடியுரிமையைத் திருப்பி எடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது, யாரிடமும் கேட்கவும் பயம். இவ்வளவு எழுதியும் என் நட்சத்திரத்தை எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள்.

அந்தத் திங்கட்கிழமை பள்ளியிலிருந்து நடந்தே வந்தோம். நான் அப்பாவுக்கு முன்னால் விறுவிறென்று நடந்தேன். அவர்மேல் கோபமா, ஆசிரியைமேல் கோபமா, என்மேலா என்று எனக்கே தெரியவில்லை. லா சப்பல் மெத்ரோ பாலத்துக்குக் கீழே வந்ததும் அப்பா பின்னாலிருந்து கூப்பிட்டார். நின்றேன். மேலே ஒரு ரயில் போய் முடியுமட்டும் பொறுத்திருந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார், பிறகு கழற்றினார்.

"பிள்ளை," என்றார். "இந்த முறை பிழைவிடாமல் சொன்னனானே?"

"ஓம் அப்பா," என்றேன். "எல்லாம் சரியாச் சொன்னீங்கள்."